வீடு கட்டச் சுழற்சிப் பொருளாதார முறையில் எந்தப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது?

திருச்சி அருகே தரைத்தள வீடு ஒன்று கட்டப்போவதாகவும், நாளை இடித்தாலும் குப்பையாகாத பொருள்கள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொருள் குப்பையாகாமல் மீண்டும் மீண்டும் பயன்படுவதுதான் சுழற்சிப் பொருளாதாரம்.

பொருளை விடுங்கள், அதை எதைக்கொண்டு இணைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நல்ல செங்கல் நூறாண்டு தாங்கும். ஆனால் ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் சேர்த்த 1:4 கலவையில் எழுப்பிய சுவரை இடித்தால், கலவை பிடியை விடாது, செங்கல்தான் உடையும். சுண்ணாம்புச் சுவரில் தட்டினால் கலவை உதிர்ந்து கல் முழுதாகக் கைக்கு வரும். எங்கள் பாட்டி வீட்டைப் பிரித்தபோது கிடைத்த செங்கற்கள்தான் இன்று மாட்டுத்தொழுவத்தின் சுவர்.

தரைத்தளத்துக்குச் சுண்ணாம்பே போதும். மெதுவாக இறுகும் என்பதால் பொறுமையும், வேலை தெரிந்த கொத்தனாரும் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 கலக்கலாம். 'சிமெண்ட் கூடினால் பலம் கூடும்' என்று மேஸ்திரி சொல்வார், இணங்காதீர்கள். கலவை செங்கல்லைவிட வலுவாக இருக்கக் கூடாது.

சாம்பல் செங்கல்லையும் நான் ஆதரிக்கிறேன். அனல் மின்நிலையச் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்று அறிந்தவர்கள், அது சுவருக்குள் போவதையே விரும்புவார்கள். அதற்கும் மேலே சொன்ன, சிமெண்ட் குறைந்த கலவைதான்.

கூரையின் ஒரு பகுதிக்காவது மங்களூர் ஓடு போடுங்கள். ரீப்பர் எனும் மரச்சட்டங்கள் மேல் சும்மா அடுக்கியிருப்பதால், உடைந்ததை மட்டும் மாற்றலாம், மொத்தத்தையும் கழற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதே ஓட்டைக் கான்கிரீட் தளத்துக்குள் புதைத்தால் சிமெண்ட் மிச்சமாகும், ஆனால் ஓட்டின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

மரத்துக்குக் காரைக்குடி போய்வாருங்கள். பழைய பர்மா தேக்கு நிலையும் கதவும் அங்கே கிடைக்கின்றன. நிலைகளை முதலில் வாங்கி, அந்த அளவுகளைப் பொறியாளரிடம் கொடுத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். வரைபடத்துக்கேற்ற நிலையைத் தேடினால், கடைசியில் நல்ல மரத்தை அறுக்க வேண்டிவரும். ஒரு வேண்டுகோள்: உறுதியாக நின்ற வீட்டை மரத்துக்காகவே இடித்தார்கள் என்று தெரிந்தால் வாங்காதீர்கள். அது மறுபயன்பாடு ஆகாது.

இடிபாட்டிலிருந்து உடைத்தெடுத்த ஜல்லியைப் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 383, 2016-லேயே அதை அனுமதித்துவிட்டது. அடித்தளத்துக்குக் கீழே போடும் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டில் ஜல்லி முழுவதும் அதுவாகவே இருக்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரை (எம் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்) ஜல்லியில் 20 சதவீதம் சேர்க்கலாம். ஆனால் அது பழைய கான்கிரீட்டை மட்டும் உடைத்த ஜல்லியாக இருக்க வேண்டும். செங்கல்லும் பூச்சும் கலந்த ஜல்லியைத் தூணுக்கும் உத்திரத்துக்கும் அனுமதிக்காதீர்கள். இந்த வேறுபாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.