முழங்கால் நோக்குளிசையும் அம்மாவின் சிறுநீரகமும்

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி: "71 வயது அம்மாவுக்குப் பிரஷர், முழங்கால் நோ. கிரியற்றினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவு) 1.4, சீ.ஆர்.பி. (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) 12. அழற்சி சிறுநீரகத்தை அரித்துவிடும் என்று சொல்லி ஒருவர் 'கிட்னி சுத்தமாக்கும்' சூரணம் விற்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். ஆடுதின்னாப்பாளை போன்ற மூலிகைகள் சிறுநீரகத்தையே கருக்கிவிடும். டப்பாவில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது.

நாட்பட்ட அழற்சி சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பு விழுத்தும் என்பது உண்மைதான். ஆனால் தடிமனும் முரசு வீக்கமும்கூட சீ.ஆர்.பி.யை ஏற்றும். மாதாமாதம் காசைக் கொட்டி அதைப் பார்க்க வேண்டாம், கிரியற்றினினைப் பாருங்கள். 1.4 சின்ன இலக்கமாகத் தெரியும். இந்த வயதுப் பெண்ணுக்கு அது, சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 மி.லி. என்று அர்த்தம். 60க்குக் கீழே மூன்று மாதம் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். அந்த வேகத்தைக் கணக்கிட்டு அச்சடிக்காத ஆய்வுகூடங்கள் இன்னும் இருக்கின்றன. வேறொன்று அதே 1.4ஐ மைக்ரோமோல் அலகில் 124 என்று கொடுக்க, வீடே கலங்கிப்போகிறது. ஒரே அலகில் எழுதுவதற்கு என்ன தடை?

இனி, நோவுக்கு பாமசியில் வாங்கும் அந்தச் சின்னக் கடதாசி உறையைக் கொட்டிப் பாருங்கள். பெரும்பாலும் டைக்குளோபினாக் இருக்கும். சிறுநீரகத்துக்குள் இரத்தம் கொண்டுவரும் குழாயை அது சுருங்க வைக்கும். பிரஷருக்குப் போடும் லொசார்டன் வெளியேறும் குழாயை விரிக்கும். வரத்துக் குறைந்து போக்குக் கூடினால் வடிகட்ட அமுக்கம் எங்கே? நீர்போக்கும் குளிசையும் சேர்ந்தால் இன்னும் மோசம். லொசார்டன் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. டைக்குளோபினாக் எந்தக் கொப்பியிலும் இல்லை. நிறுத்த வேண்டியது டைக்குளோபினாக். லொசார்டனில் நீங்களாகக் கைவைக்காதீர்கள். நோவுக்குப் பரசிற்றமோல் 500 மி.கி. போதும்: நாளுக்கு ஆறுக்கு மேல் வேண்டாம், மெலிந்த உடம்பென்றால் நாலு.

ஒன்றை மட்டும் திடீரென நிறுத்தக்கூடாது. உறையில் பெயர் தெரியாத சின்னக் குளிசையும் இருந்து, அதை மூன்று கிழமைக்கு மேல் போட்டிருந்தால், அது ஸ்டீரொயிட்டாக இருக்கலாம். முகம் உப்பியிருக்கிறதா, லேசாகத் தட்டுப்பட்டாலே தோல் கன்றுகிறதா, சீனி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வரவர, உடல் தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். டக்கென்று விட்டால் வாந்தி வந்து, பிரஷர் விழுந்து, மயங்கிப் போவார். 'கூடாத மருந்து' என்று அன்றைக்கே குப்பையில் வீசுவதுதான் இதில் ஆபத்து. வைத்தியர் சிறிது சிறிதாகக் குறைத்துத் தருவார்.

டைக்குளோபினாக்கை விட்டு இரண்டு கிழமையில் கிரியற்றினினைத் திரும்பச் செய்யுங்கள். கூடவே சிறுநீரில் அல்புமின்–கிரியற்றினின் விகிதமும் (எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும்) கேளுங்கள். அது கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் போனால், அல்லது கிரியற்றினின் இறங்காவிட்டால், யாழ். போதனா வைத்தியசாலையின் சிறுநீரகக் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தாமாகத் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். போகும்போது கொப்பியோடு அந்த உறையையும் சூரண டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.