இரவில் திடீரென மனம் கலங்கினால் நானே என்ன செய்துகொள்ளலாம்?

படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது, அழுகை முட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் ‘யோசிக்காதே’ என்று மனதுக்குச் சொன்னால் அது கேட்காது. உடம்பு வழியாகப் போவதுதான் சுலபம்.

பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும். எழுந்து உட்கார்ந்து, 4 எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. ஐந்து நிமிடமாவது செய்யுங்கள். நான் கூடவே காலைத் தரையில் அழுத்தி வைத்து, மின்விசிறிச் சத்தத்தைக் கவனிப்பேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எனக்கு உதவுகிறது.

அப்புறம், சாயங்காலக் காபி. குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதிலுள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபினில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

நெஞ்சுவலி இருந்தால் ‘டென்ஷன்தான்’ என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை என்றாலோ, எப்போதாவது சாகலாம் போலிருக்கிறது என்றாலோ சுயபராமரிப்பு போதாது, 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், இந்திய அரசின் இலவச மனநலச் சேவை. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.