முப்பது துணிப்பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்: செட்டாக வாங்கலாமா?

கேள்வி: தீபாவளிக்கு உறவினர்களுக்குத் தர 30 பருத்திப் பைகளில் சின்னக் கோலமும் வாழ்த்து வரியும் வீட்டிலேயே அச்சடிக்க ஆசை. இணையத்தில் எல்லாம் அடங்கிய செட் விற்கிறார்கள். வாங்கலாமா? எங்களுடையது நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வேலைக்கென்று தனி இடம் இல்லை. (சிங்கப்பூர், செங்காங் வாசகி)

பதில்: வேண்டாம், தனித்தனியாக வாங்குங்கள். செட்டில் ஆறு நிற மை குட்டி டப்பாக்களில் வரும். உங்களுக்கு ஒரே நிறம்தான் தேவை. துணிக்கான தண்ணீர் கலவை மை 250 மில்லி இருந்தால் 30 பைக்குத் தாராளம். பிளாஸ்டிக் கலந்த பிளாஸ்டிசால் மை பக்கம் போகாதீர்கள். அது இறுக 160 டிகிரி சூடு சீராகக் கிடைக்க வேண்டும், வீட்டு இஸ்திரிப் பெட்டியை அதற்கு நம்ப முடியாது.

காசைப் போட வேண்டிய இடம், வலை பொருத்திய ஃபிரேமும், மையை வலை வழியே துணியில் இறக்க இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியும்தான். துணிக்கு 43டி வலை கேளுங்கள், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. 77டி காகிதத்துக்கு ஏற்றது. துணியில் மை போதாமல் வெளிறித் தெரியும். ஏ5 அளவு படத்துக்கு ஃபிரேமின் உள்ளளவு 25க்கு 35 சென்டிமீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் மை ஊற்ற இடமிருக்காது. ஸ்குவீஜி 18 முதல் 20 சென்டிமீட்டர். வலையை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். தொய்ந்து கிடந்தால் அச்சின் விளிம்பு மங்கும். இதற்காகவே பிராஸ் பாசா வளாகத்தில் உள்ள ஆர்ட் ஃபிரெண்ட் போன்ற கடைக்கு நேரில் போவது நல்லது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும் 2023 முதல் அந்த வரி உண்டு.

வலையில் பூசி ஒளியால் படம் பதிக்கும் ஃபோட்டோ இமல்ஷன் இப்போதைக்கு வேண்டாம். பூசிய வலை இருட்டில் முழுக்கக் காய வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில், குளியலறையில் வைத்தால் மறுநாளும் பிசுபிசுக்கும். காயாத இடம் கழுவும்போது படத்தோடு போய்விடும். புத்தகத்துக்கு அட்டை போடும் ஸ்டிக்கர் தாளே போதும். பின்பக்கத் தாளில் எழுத்தை நேராக எழுதி, எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத் தாளை வலையின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் நேராகவே தெரியும். ‘வ’, ‘ன’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே கழன்று வரும். அதை எறியாமல் அதன் இடத்தில் ஒட்டுங்கள், இல்லையென்றால் சுழி மைப்பொட்டாகிவிடும். சிக்குக் கோலத்தில் இப்படி எத்தனையோ துண்டுகள். புள்ளியும் இதழுமாக எளிய கோலம் எடுங்கள். ஓரங்களை மறைக்க பேக்கிங் டேப். மாஸ்கிங் டேப் மையில் ஊறிப் பிரியும்.

பையை முதலில் துவையுங்கள், கஞ்சி இருந்தால் மை பிடிக்காது. உள்ளே அட்டை செருகுங்கள். ஃபிரேமின் மூலைகளில் 3 மில்லிமீட்டர் அட்டைத்துண்டு வைத்தால், இழுத்த பிறகு வலை துணியை விட்டுத் தானே எழும்பும். ஸ்குவீஜியை 45 டிகிரி சாய்த்து ஒரே அழுத்தத்தில் இழுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மை வலைக்குள் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடுத்த பையை எடுக்குமுன் வலை மீது மெல்லிதாக மை பரப்பி வைத்தால் அந்தத் தொல்லை குறையும். மை நன்றாகக் காய்ந்தபின், கேக் சுடும்போது விரிக்கும் தாளை மேலே போட்டு, நீராவி இல்லாமல் பருத்திச் சூட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடம் இஸ்திரி போடுங்கள். டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுவே சரி.

கேள்வி: உள்ளூர்க் கடையில் வாங்கிய ஃபிரேம், இரண்டாம் தடவை கழுவும்போதே வலை விளிம்பில் பிரிந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறார்கள்.

பதில்: அந்த வாசகம் சட்டத்தை மீறி நிற்காது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும் ‘லெமன் லா’ சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ கேளுங்கள். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். ஆனால் தின்னரோ உயர் அழுத்தத் தண்ணீரோ பயன்படுத்தியிருந்தால் உங்கள் வாதம் நிற்காது.

கடை அசையாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். ஒரு ஃபிரேமுக்காக அவ்வளவு தூரம் போக நான் சொல்லமாட்டேன். ரசீதும் பிரிந்த விளிம்பின் படமும் இணைத்து, சட்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். பதில் வரும்வரை ஸ்டேப்ளர் அடித்தோ பசை போட்டோ சரிசெய்துவிடாதீர்கள். நீங்கள் கைவைத்துவிட்டால், கெடுத்தது நீங்கள்தான் என்பார்கள்.