பாட்டி வாயில் நுழையாத பெயர்

கேள்வி: மகனுக்குப் பத்து மாதம். 'ஒளிக்கதிர்' என்று பொருள் என்பதால் ரேயான்ஷ் எனப் பெயர் வைத்தோம். நியூமராலஜி பார்ப்பவர் ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்', ஒரு 'ஏ' கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. சேர்க்கலாமா? (எல்லோருக்கும் பெயர் பிடித்திருக்கிறது. அத்தை, அதாவது என் மாமியார், மட்டும் 'தம்பி' என்றே கூப்பிடுகிறார், போகப்போகப் பழகிவிடும்.)
– வாசகி, ஈரோடு

பதில்: ஹெச் கிடக்கட்டும். அடைப்புக்குறிக்குள் தள்ளினீர்களே, அதைப் பேசுவோம்.

பத்து மாதத்தில் பழகாதது இனி எப்போது பழகும்? உங்கள் அத்தை அடம்பிடிக்கவில்லை. ரகரத்தில் தொடங்குவது பிரச்சினை இல்லை, ராமசாமிகள் அதைப் பழக்கிவிட்டார்கள். 'ன்ஷ்' என்று மெய்மேல் மெய்யாக முடிகிறதே, அங்கேதான் சிக்கல். தமிழ் நாக்கு கடைசியில் ஓர் உகரம் போடாமல் விடாது. பஸ் 'பஸ்ஸு' ஆவது போல இது 'ரேயாஞ்சு' ஆகும். ஒருமுறை அவர் அப்படிச் சொல்ல, வீட்டில் யாரோ சிரித்திருப்பீர்கள். அதோடு அவர் 'தம்பி'க்குப் போயிருப்பார். பேரன் என்ற சொல்லே 'பெயரன்', தாத்தா பெயரைத் தாங்குபவன். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதபடி பாட்டியை ஒதுக்கிவிட்டு எண்கணிதம் கேட்கிறீர்கள்!

பொருளாவது சரியா? சமஸ்கிருத அகராதியில் ரேயான்ஷ் கிடையாது. ஆங்கில 'ரே'யோடு, பகுதி என்று பொருள்படும் 'அம்ச'த்தை ஒட்டியது போலத்தான் தெரிகிறது. வடமொழியில் கதிருக்கு 'அம்சு'. அதில் வந்த பெயர் அம்சுமான். ராமாயணத்தில் அவன் சகரனின் பேரன். தமிழில் கதிரவன், இளங்கதிர் இருக்கின்றன.

எழுத்தைக் கூட்டினால் யோகம் வரும் என்றால், கானாவின் அகான் மக்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பிறந்த பையனுக்குக் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே. கிழமைதான் பெயர். அந்தக் கோஃபியோடுதான் அன்னான் ஐ.நா. பொதுச்செயலாளர் ஆனார்.

பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். இதில் இரண்டு 'ஏ', ஆதாரில் ஒன்று என்றானால் திருத்த அலைவது நீங்கள்தான்.

இன்றைக்கே ஐந்து பெயர்களை அத்தையிடம் சொல்லி, வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூப்பிடச் சொல்லுங்கள். தடுக்காமல் வருகிற பெயரை எழுதிக்கொண்டு மாநகராட்சிக்குப் போங்கள். அப்பா பெயரை இனிஷியலாக விடாமல் முழுதாக எழுதுங்கள்.