சைக்கிள்ல போற பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயமா? காரிமங்கலம் அம்மாவோட கேள்விக்கு பதில்

காரிமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கறா, கவர்மெண்ட் குடுத்த சைக்கிள்ல தான் ஸ்கூலுக்குப் போறா, நாலு கிலோமீட்டர், அதுல கொஞ்ச தூரம் கிருஷ்ணகிரி ஹைவே சர்வீஸ் ரோடு. போன பெற்றோர் மீட்டிங்ல ஒருத்தர் எழுந்து, இனிமே ஹெல்மெட் இல்லாம சைக்கிள்ல வர்ற பிள்ளைய கேட்லயே நிறுத்திடணும்னு சொல்ல, பாதிப்பேர் கை தட்டியிருக்காங்க, பாதிப்பேர் பேசாம உக்காந்திருக்காங்க. இந்தம்மா கேக்கறது என்னன்னா, சட்டத்துல அப்படி இருக்கா, போட்டா நிஜமாவே பிரயோஜனம் உண்டா, வீட்டுக்காரரோட பைக் ஹெல்மெட்டையே மாட்டி அனுப்பிடலாமா.

மொதல்லயே சொல்லிடறேன், நான் தருமபுரியில சைக்கிள் கடை வச்சிருக்கறவன், ஹெல்மெட்டும் விக்கறேன். கட்டாயம்னு ஆயிட்டா எனக்குத் தான் யாவாரம். அதை மனசுல வச்சிட்டே மிச்சத்தைப் படிங்க.

சட்டம் இதுல ரொம்பத் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதோட 129வது பிரிவு தான் ஹெல்மெட் பத்திப் பேசுது, அது பைக், ஸ்கூட்டர், மொபெட்டுக்கு. மிதிக்கற சைக்கிள் அந்தச் சட்டப்படி மோட்டார் வண்டியே கிடையாது, அதனால ஹெல்மெட் இல்லன்னு அந்தப் பிரிவுல சைக்கிள்காரங்களுக்கு ஃபைன் போட முடியாது. இப்ப வர்ற பேட்டரி சைக்கிள்ல மட்டும் கொஞ்சம் பாத்துக்கணும், மோட்டார் 250 வாட், வேகம் 25 கிலோமீட்டர் இதைத் தாண்டிட்டா அது சைக்கிள் கணக்குல வராது, நம்பர் பிளேட், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் பின்னாடியே வந்துடும்.

ஆனா இதே 129வது பிரிவு இன்னொண்ணும் சொல்லுது. 2019ல திருத்தினதுக்கு அப்புறம் நாலு வயசுக்கு மேல யாரா இருந்தாலும், ஓட்டறவங்க மட்டுமில்ல, பின்னாடி உக்காந்து வர்றவங்களும் ஹெல்மெட் போட்டாகணும், இல்லன்னா 1000 ரூபா. அந்த மீட்டிங்ல கை தட்டினவங்கள்ல எத்தனை பேர் எக்ஸ்எல்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டுன்னு பிள்ளைங்கள ஏத்திட்டு, ஒரு தலைக்குக் கூட ஹெல்மெட் இல்லாம வந்தாங்கன்னு யாராவது வாசல்ல நின்னு எண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும். இருக்கற சட்டத்தை விட்டுட்டு இல்லாத சட்டத்துக்குக் கை தட்டறது நம்ம ஊர் வழக்கம் தானே.

சரி, பிரயோஜனம் உண்டா? உண்டு, சந்தேகமே வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட்டைத் திருப்பிப் பாத்தா உள்ள இருக்கறது தெர்மாகோல் தான், டிவி பெட்டியில வர்றதை விட நல்லா இறுக்கமா அடைச்ச தெர்மாகோல். தலை தார்ல முட்டி நிக்கற நேரம் கண்ணிமைக்கறதை விட ரொம்ப கம்மி, அந்தத் தெர்மாகோல் தான் நசுங்கி அந்த நேரத்தை கொஞ்சம் இழுத்து விடும், அதனால மூளைக்குப் போற அதிர்ச்சி குறையும், அவ்வளவு தான் அதோட வேலை. ஐரோப்பாவுல ஈஎன் 1078னு ஒரு தரம் இருக்கு, அதுல ஹெல்மெட்டுக்குள்ள பொம்மைத் தலை வச்சு தட்டையான இரும்பு மேல சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துல மோத விட்டுப் பாப்பாங்க. ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து ஒரு பொருள் விழுந்தா தரைக்கு வரும்போது இருக்கற வேகம் அது. சைக்கிள் சீட்ல உக்காந்திருக்கற பிள்ளையோட தலையும் தரையில இருந்து கிட்டத்தட்ட அந்த உயரத்துல தான் இருக்கு. ஆக ரோட்டோரப் பள்ளத்துல வீல் இறங்கறது, மணல்ல சறுக்கறது, நாய் குறுக்க வர்றது, துப்பட்டா வீல்ல சுத்திக்கறது, இப்படி விழற விழுகைக்குன்னே செஞ்ச சாமான் இது. பிள்ளைங்க சைக்கிள்ல அதிகமா விழறதும் இப்படித்தான்.

2016ல ஆஸ்திரேலியாவுல ஒரு யுனிவர்சிட்டிக்காரங்க அது வரைக்கும் வந்த 40 ஆய்வை ஒண்ணா சேர்த்து, அடிபட்ட சைக்கிள்காரங்க 64,000 பேருக்கு மேல கணக்குப் பாத்தாங்க, அதுல ஹெல்மெட் போட்டிருந்தவங்களுக்கு மோசமான தலைக்காயம் வர்ற வாய்ப்பு 69 சதவீதம் கம்மி, முகத்துக் காயம் 33 சதவீதம் கம்மி. முகம் ஏன் கம்மியா குறையுதுன்னா ஹெல்மெட் நெத்திக்கு மேல தான், தாடை, பல்லு எல்லாம் வெளிய தான் இருக்கு.

ஆனா கிரானைட் கல்லு ஏத்திட்டு வர்ற லாரி இடிச்சா இந்தத் தெர்மாகோல் என்ன பண்ணும்? பெருசா ஒண்ணும் பண்ணாது. அதுக்கு இதைச் செய்யவே இல்ல. ஹெல்மெட் போட்டாச்சு, இனி பயமில்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதுக்கு நேர் எதிரா இன்னொரு கதையும் சுத்துது, ஹெல்மெட் போட்டா வண்டிக்காரன் இன்னும் ஒரசிட்டுப் போவான்னு. இங்கிலாந்துல ஒரு ஆராய்ச்சியாளர் தானே சைக்கிள் ஓட்டி அளந்து பாத்து 2007ல அப்படி ஒண்ணு வெளியிட்டார், ஹெல்மெட் போட்டப்ப வண்டிங்க சராசரியா எட்டரை சென்டிமீட்டர் கிட்ட வந்துச்சுன்னு, ஆனா அதே கணக்கைத் திரும்ப எடுத்துப் பாத்த வேற ஆளுங்க அந்த முடிவு நிக்காதுன்னு சொல்லிட்டாங்க. எட்டரை சென்டிமீட்டருக்காக பிள்ளை தலையை சும்மா அனுப்பறது வேண்டாம்.

இப்ப கேட்ல நிறுத்தற விஷயம். ஹெல்மெட் நல்லதுன்னு சொன்னவன் கட்டாயமும் நல்லதுன்னு தானே சொல்லணும்? நான் சொல்ல மாட்டேன். இது ரெண்டும் வேற வேற கேள்வி.

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் தான் மொதல்ல, 1990ல சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் போட்டுச்சு, ரெண்டு வருஷத்துல நாடு முழுக்க வந்துடுச்சு. தலைக்காயம் குறைஞ்சது உண்மை, ஆனா கூடவே ரோட்டுல சைக்கிள் ஓட்டற பிள்ளைங்களும், முக்கியமா பத்து வயசுக்கு மேல இருக்கறவங்க, அந்த ஆரம்ப வருஷங்கள்ல நல்லாவே குறைஞ்சாங்க, எவ்வளவு குறைஞ்சது, சட்டத்தால தானான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. மெக்சிகோ சிட்டியில 2010ல கட்டாயத்தை எடுத்துட்டாங்க, இஸ்ரேல்ல 2011ல பெரியவங்களுக்குத் தளர்த்திட்டாங்க. ஜப்பான்காரங்க பண்ணது எனக்குப் பிடிச்சிருக்கு, 2023 ஏப்ரல்ல இருந்து எல்லா வயசுக்காரங்களும் ஹெல்மெட் போட முயற்சி எடுக்கணும்னு சட்டத்துலயே எழுதிட்டு ஃபைன் மட்டும் கிடையாதுன்னு விட்டுட்டாங்க.

நம்ம பக்கம் கட்டாயம் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு உருப்படியான சைக்கிள் ஹெல்மெட் எண்ணூறு, ஆயிரம்னு வருது. இலவச சைக்கிள் வந்ததால தான் ப்ளஸ் ஒன் சேர்ந்தேன்னு சொல்ற பிள்ளைங்க இந்த ஜில்லாவுல இருக்காங்க, தக்காளி பறிக்கப் போய் வர்ற கூலியில அந்த ஆயிரத்தை எடுத்து வைக்கறது சுலபமில்ல. கேட்ல நிறுத்தினா அடுத்த நாள் அந்தப் பிள்ளை ஹெல்மெட்டோட வரும்னு நினைக்காதீங்க. அப்பாவோ மாமாவோ எக்ஸ்எல்ல கொண்டு வந்து விடுவாங்க, ரெண்டு பேர் தலையிலயும் ஒண்ணும் இருக்காது, வேகம் மட்டும் மூணு மடங்கு. இல்லன்னா ஷேர் ஆட்டோவுல பத்தோட பதினொண்ணா தொங்கிட்டு வரும். அதுவும் இல்லன்னா, பொம்பளப் பிள்ளையா இருந்தா, படிச்சது போதும்னு வீட்ல சொல்றதுக்கு ஒரு சாக்கு கிடைச்சுடும். இந்த மூணுல எது சைக்கிளை விட சேஃப்டின்னு அந்தக் கை தட்டினவர் சொல்லட்டும்.

அதனால மீட்டிங்ல நீங்க பேசறதா இருந்தா வேற மாதிரி பேசுங்கம்மா. கேட்ல நிறுத்த வேண்டாம், மொத்தமா வாங்கலாம்னு சொல்லுங்க. அம்பது அறுபது ஹெல்மெட் ஒண்ணா எடுத்தா எந்த டீலரும் விலை குறைச்சுத் தான் ஆகணும், பழைய மாணவர்கள்ல ஓசூர் கம்பெனியில நல்ல வேலையில இருக்கறவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, கேட்டா குடுப்பாங்க. முடியாத பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பேர்ல குடுத்து ப்ளஸ் டூ முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கலாம், விழுந்து அடிபடாத ஹெல்மெட்டா இருந்தா மட்டும். ஒரு கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க போட ஆரம்பிச்சுட்டா மீதி தானா போடும், பதினாறு வயசுல அதுங்களுக்குப் பெரிய பிரச்சனையே நான் மட்டும் போட்டா சிரிப்பாங்களேங்கறது தான்.

ரோட்டைப் பத்தியும் அதே மீட்டிங்ல பேசுங்க, ஹெல்மெட்டை விட அதுக்கு அதிக நேரம் குடுத்தாலும் தப்பில்ல. நெதர்லாந்துல ஹெல்மெட் போட்டு சைக்கிள் ஓட்டற ஆளைப் பாக்கறதே அபூர்வம், ஆனாலும் உலகத்துல சைக்கிளுக்குப் பாதுகாப்பான நாடுகள்ல அதுவும் ஒண்ணு, ஏன்னா சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டு லாரியையும் சைக்கிளையும் பிரிச்சு வச்சிருக்காங்க. நம்ம என்எச் 44ல எதிர்ப்பக்கம் போகணும்னா அண்டர்பாஸ் வரைக்கும் சுத்தணும், பிள்ளைங்க சுத்தாது, சர்வீஸ் ரோட்ல ராங் சைடுல வந்துடும், அங்க எதிர்ல வர்ற வேனுக்கு ரெண்டு பக்கமும் பாக்கணும்ங்கற எண்ணமே இருக்காது. உங்க பொண்ணு எந்த இடத்துல கிராஸ் பண்றா, எந்த இடத்துல ராங் சைடு வர்றான்னு ஒரு நாள் பின்னாடியே போய்ப் பாருங்க. லைட் எரியாத இடம், சர்வீஸ் ரோட்டை மறிச்சு நிக்கற லாரி, இதெல்லாம் 1033க்கு அடிச்சு சொல்லலாம், அது நேஷனல் ஹைவே நம்பர். பத்துப் பேரண்ட்ஸ் கையெழுத்துப் போட்டு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனுவும் குடுக்கலாம். மார்கழி தை பனியில விடிகாலை டியூஷன் போற பிள்ளைன்னா பின்னாடி சிவப்பு லைட் ஒண்ணு அவசியம், நூறு நூத்தம்பதுக்குக் கிடைக்குது. சைக்கிளோட வந்த ரிஃப்ளெக்டர் பாதி உடைஞ்சு போயிருக்கும், பிரேக் கட்டை தேய்ஞ்சிருக்கும், அதையும் பாத்துடுங்க.

வீட்டுக்காரர் ஹெல்மெட் கதைக்கு வர்றேன். வேண்டாம். பைக் ஹெல்மெட் ஒரு கிலோ அளவுக்கு வெயிட், சைக்கிள் ஹெல்மெட் கால் கிலோ சொச்சம். அந்த வெயிட்டோட ஏப்ரல் வெயில்ல நாலு கிலோமீட்டர் மிதிச்சா வேர்த்துக் கொட்டி பாதி வழியில கழட்டி ஹேண்டில்ல மாட்டிக்குவா, காதும் மூடிடும், பின்னாடி ஹாரன் சரியா கேக்காது. அதை விட முக்கியம் அளவு, அப்பா தலைக்கு வாங்கினது பொண்ணு தலையில ஆடும், ஆடற ஹெல்மெட் விழும்போது தலையில இருக்காது. ரோட்டோரத்துல நூத்தம்பது ரூபாய்க்கு பிளாஸ்டிக் தொப்பி மாதிரி தொங்க விட்டிருப்பாங்க, உள்ள ஸ்பாஞ்ச் மட்டும் ஒட்டியிருக்கும், அதுவும் வேண்டாம். உள்பக்க ஸ்டிக்கர்ல ஈஎன் 1078 (EN 1078) இல்லன்னா சிபிஎஸ்சின்னு (CPSC) இருக்கான்னு பாருங்க, சிபிஎஸ்சி அமெரிக்கா தரம். இது ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும், மேல இருக்கற டிசைனுக்கு காசு குடுக்க வேண்டியதில்ல.

பொண்ணைக் கூட்டிட்டுப் போய் தான் வாங்கணும், அதுவும் ஸ்கூலுக்குப் போற மாதிரி ஜடை போட்டு. ஏன் சொல்றேன்னா, ரெட்டை ஜடை போட்டு மடிச்சு ரிப்பன் கட்டினா அந்த முடிச்சு சரியா காதுகிட்ட வந்து நிக்கும், ஹெல்மெட்டோட ரெண்டு பட்டையும் காதுக்குக் கீழ வி மாதிரி சேர வேண்டிய இடமும் அதே தான். ரிப்பன் மேல பட்டை போனா பிள்ளை ஒரு வாரத்துல லூஸ் பண்ணிடும். மடிப்பைக் கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டினா சரியாயிடும். பூ வச்சா ஹெல்மெட்டை இறுக்கற பின்பக்க டயல் உக்காராது, பூவை ஸ்கூல் போய் வச்சுக்கட்டும். முன்பக்கம் புருவத்துக்கு மேல ரெண்டு விரல் தான் இடைவெளி, பொட்டு தெரியணும், நெத்தி முழுசா தெரியக்கூடாது. பட்டைக்கும் தாடைக்கும் நடுவுல ஒரு விரல் போனா போதும். மாட்டினதும் தலையை நல்லா ஆட்டச் சொல்லுங்க, ஹெல்மெட் தனியா ஆடக்கூடாது. தேங்காண்ணெய் ஊறி உள்பட்டை நாறும், அதைக் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க, அழுக்குப் போகலன்னு பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைச்சா தெர்மாகோல் கரைஞ்சு போயிடும்.

எப்பவாவது விழுந்து தலையில அடின்னா, ரத்தம் வரலங்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழறது, பேச்சு குழறறது, காது மூக்குல இருந்து ரத்தமோ தண்ணியோ வர்றது, இதுல ஒண்ணு இருந்தாலும் 108 கூப்பிட்டு நேரா தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ போயிடுங்க. ரோடு ஆக்சிடெண்ட்னா மொத 48 மணி நேர வைத்தியம் நம்மைக் காக்கும் 48 திட்டத்துல இலவசம், அதுல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்கு அனுப்பினாலும் ஒரு நாள் முழுக்கப் பக்கத்துலயே யாராவது இருங்க.

விழுந்தப்ப தலையில இருந்த ஹெல்மெட் வெளிய பாக்க நல்லாவே இருக்கும், உள்ள தெர்மாகோல் நசுங்கியிருக்கும், இன்னொரு அடியைத் தாங்காது. அதைத் தூக்கிப் போடும்போது பட்டையை வெட்டிட்டுப் போடுங்க, இல்லன்னா தம்பி எடுத்து மாட்டிக்குவான்.