பையன் ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்கிறானா?

அம்மா, விமானமும் ராக்கெட்டும் பற்றிப் படிக்கிற ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்று பையன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், அவன் அப்பாவோ அது வேலை கிடைக்காத படிப்பு என்கிறார் என்று சொன்னீர்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை.

அவனிடம் பேசினேன். ராக்கெட் பெயர்களை ஒப்பித்தான், அது யூடியூப் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். எரிபொருள் எரிய எரிய எடை குறைகிறதே, வேகம் என்ன ஆகும் என்று ஒரு தாளை நீட்டினேன். இருபது நிமிஷம் தலை நிமிரவில்லை, அடித்து அடித்து எழுதி இன்டக்ரேஷன் வரை வந்துவிட்டான், கொடுத்த காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. அதனால் அவன் ஆசையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவனுக்கு வேண்டியது இஸ்ரோ. இஸ்ரோ விஞ்ஞானி பணிக்குத் தேர்வு வைக்கும்போது பெரும்பாலும் கேட்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், நம்ம விழுப்புரத்துக்காரர், டிப்ளமோவும் பி.இ.யும் மெக்கானிக்கல்தான், அப்புறம் திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி.

அதற்காக ஏரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. சென்னை ஐ.ஐ.டி., கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி., இல்லை விண்வெளிப் படிப்புக்கென்றே இருக்கிற திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. (அங்கே மதிப்பெண் நன்றாக இருந்தால் காலியிடத்தைப் பொறுத்து இஸ்ரோவே எடுத்துக்கொள்ளும்) கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கட் ஆஃப் குறைந்து, பெயர் தெரியாத கல்லூரியில் ஏரோ சீட்தான் என்றால் நான் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் எடுக்கத்தான் சொல்வேன். பி.இ. முடித்து கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்.கில் ஏரோவுக்கு வந்துவிடலாம். சந்தேகமாக இருந்தால் கல்லூரியில் போன வருஷப் பிளேஸ்மென்ட் பட்டியலைக் கேளுங்கள், மொத்தக் கணக்கு வேண்டாம், ஏரோ பிள்ளைகள் மட்டும் எங்கே சேர்ந்தார்கள் என்று. வரிசையாக ஐ.டி. கம்பெனிகளாக இருந்தால் அவன் அப்பா சொல்வது அங்கே சரி.

நாசா பேச்சை இப்போதைக்கு விடச் சொல்லுங்கள், அங்கே நிரந்தர வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். உங்கள் தம்பி சொன்ன விமானப் பராமரிப்புப் படிப்பு வேறு, அது மத்திய அரசின் விமானத் துறை அமைப்பான டிஜிசிஏவிடம் லைசென்ஸ் வாங்கி விமானத்தைச் சோதித்துப் பழுது பார்க்கிற வேலை. நல்ல வேலைதான், ஆனால் ராக்கெட் வடிவமைக்கிற வேலை இல்லை.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் பண்ணுவதற்கு முன்னால் அந்தப் பிளேஸ்மென்ட் பட்டியலை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள்.