வீடு கட்டலாம்: வாசகர் கேள்வி – பதில்

மாடி அறையில் இரவு பத்து மணிக்கும் ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளுகிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

ஓரளவுதான். பகல் முழுக்க வெயிலை வாங்கிய 5 அங்குலக் கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். இரவில் அனலடிப்பது அதனால்தான். சூட்டை உள்ளே விட்டுவிட்டுக் கீழே அட்டை கட்டுவதைவிட, தளத்துக்கு மேலேயே மறிப்பதுதான் சரியான வேலை. அறையின் உயரமும் குறையாது.

செலவு குறைந்த வழி, மொட்டை மாடியை வெள்ளையாக்குவது. பாசியையும் உதிரும் பழைய பூச்சையும் கம்பிப் பிரஷால் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, நன்றாகக் காய்ந்தபின், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சான கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். பிப்ரவரிக்குள் முடித்துவிட்டால் கோடை முழுவதும் பலன் கிடைக்கும். சுண்ணாம்பும் நல்லதே. ஆனால் மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். எதை அடித்தாலும் தூசி படிந்து சாம்பல் நிறமானால் பலன் குறைந்துவிடும். கோடையில் மாதம் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

நிலையான தீர்வு வேண்டுமென்றால், வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகையான எக்ஸ்.பி.எஸ். வீடுகளின் எரிசக்திச் சிக்கனத்துக்காக மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு, கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவான ‘யு மதிப்பு’ 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கு மேல். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து 4 அங்குலம் சுர்க்கி போட்டாலும் 2-க்குக் கீழே இறங்குவது கடினம். சுர்க்கியை நாம் பெரிதும் நம்புகிறோம். அதன் பலம் ஒழுகாமல் காப்பதில்தான், வெப்பத்தைத் தடுப்பதில் அல்ல. 50 மி.மீ. பலகை போட்டால் யு மதிப்பு ஏறத்தாழ 0.5 ஆகிவிடும்.

வரிசை முக்கியம். முதலில் 100-க்கு 1 வாட்டம். அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு, கைப்பிடிச் சுவரில் ஓரடி ஏறும்படி. பிறகு இரண்டு நாள் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்த இடங்களில்தான் பின்னால் ஒழுகி, எல்லாவற்றையும் பெயர்க்க நேரிடுகிறது. பின்பு பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, மேலே கோழிவலை வைத்து 2 அங்குலக் கான்கிரீட், விரிசல் விடாமலிருக்க ஆறடிக்கு ஒரு இணைப்பு வெட்டு. கடைசியாக வெள்ளை ஓடு. பெட்டிகளில் வரும் தெர்மாகோலைப் போட்டுச் சமாளிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது நசுங்கும், ஈரமும் ஏறும்.

மாடியில் தகரக் கொட்டகை போட்டால் போதாதா?
– வாசகர், கரூர்

நான்கு பக்கமும் திறந்து, ஏழெட்டு அடி உயரத்தில் இருந்தால் நல்ல பலன் தரும். தளத்தில் வெயிலே விழாது. தகரத்தின் மேற்புறம் வெள்ளையாக இருக்கட்டும். பக்கங்களை அடைத்து அறையாக்கினால் சூடு அங்கேயே தேங்கும்.

எல்லா ஜன்னலுக்கும் 2 அடி சன்ஷேட் வைத்திருக்கிறோம். மேற்கு அறை மட்டும் கொதிக்கிறதே?
– வாசகர், திண்டுக்கல்

சன்ஷேட் திசைக்கேற்ப வேலை செய்யும். நம் அட்சரேகையில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால் தெற்கு ஜன்னலில் 2 அடி சன்ஷேட் 3 அடிக்கு நிழல் தரும். மேற்கே கதை வேறு. மார்ச் மாதம் மாலை நான்கரை மணிக்கு அதே சன்ஷேட் தரும் நிழல் ஓரடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஜன்னலின் கீழ்ப்பாதி முழுவதும் வெயில்.

மேற்கே சன்ஷேடை நீட்டிப் பயனில்லை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, ஜாலி, வராந்தா அல்லது மரம் வேண்டும். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தை வெளியே அனுப்பாது. புதிதாகக் கட்டுவோர் மேற்கே குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூம் ஆகியவற்றை வைத்துப் படுக்கையறையைக் காப்பாற்றலாம். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ‘வடக்கில் வெயில் வராது’ என்பது குளிர்நாட்டுப் பாடம்.

எலிப்பொறிக் கட்டு என்கிறார்களே, கொத்தனார் பலமில்லை என்கிறார்.
– வாசகி, நாகர்கோவில்

கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை இது. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குல வெற்றிடம் விடுவார்கள். செங்கல் ஏறத்தாழ கால்வாசி மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். முறையாகக் கட்டினால் இரண்டு மாடி தாங்கும்.

தவறு நடப்பது வேலையில்தான். வெற்றிடத்துக்குள் கலவை விழுந்தால் அது வெப்பத்துக்குப் பாலமாகிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் 3 அங்குல மரப்பட்டையால் வாயை மூடிக்கொண்டு கலவை போடச் சொல்லுங்கள். செங்கல் ஒரே அளவாக இல்லாவிட்டால் ஒரு முகம் கோணும். முதல் வரிசை, மூலைகள், கதவு ஜன்னல் ஓரங்கள், லிண்டலுக்கு அடியில் உள்ள வரிசை ஆகியவை கெட்டியாகவே இருக்க வேண்டும். மின்குழாய்களைக் கட்டும்போதே வெற்றிடத்தில் இறக்கிவிடுங்கள். பிறகு சுவரைக் கொத்தினால் செங்கல் உடையும்.

எங்கள் நிலத்து மண்ணையே இயந்திரத்தில் கல்லாக அழுத்திக் கட்டலாமா?
– வாசகர், கோவில்பட்டி

உங்கள் பகுதி கரிசல் மண் என்றால் வேண்டாம். அது ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இந்தக் கல்லுக்கு வழக்கமாகச் சேர்க்கும் 5 சதவீத சிமென்ட் அதைக் கட்டிப்போடாது. செம்மண் கிடைத்தால் பார்க்கலாம். மேல்மண்ணை ஓரடி நீக்கிவிட்டு எடுங்கள். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் சொல்லும் நல்ல கலவை: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம்.

வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒருநாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். களி அதிகமாக இருந்தால் மணல் சேருங்கள். அழுத்திய கல்லை இரண்டு நாள் பிளாஸ்டிக்கால் மூடி, பிறகு நிழலில் வைத்து நான்கு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பத்தே நாளில் சுவர் எழுப்பினால் விளிம்பு உதிரும், மழையில் கரையும்.